சித்தி பார்த்துக்கொண்ட ஹாம்ஸ்டர்

ஏப்ரல் 20, ஞாயிறு

தரணிகா சென்னைக்குப் போய்விட்டாள். அவளுடைய அம்மாவின் அக்கா, வசந்தாமணி பெரியம்மா வீட்டில் கோடை விடுமுறை. அவள் அப்பா காரில் கூட்டிப் போயிருக்கிறார். ஜூனில் பள்ளி திறக்கும்வரை பகல் முழுக்க இந்த வீட்டில் நானும் ஒரு எலியும்தான்.

எலி என்று சொல்லக் கூடாதாம். ஹாம்ஸ்டர். பெயர் பொரி. அவளுடைய பத்தாவது பிறந்த நாளுக்கு அவள் அம்மா கீதாஞ்சலி வாங்கிக் கொடுத்தது. அடுத்து வந்த தையிலேயே புற்றுநோய் அந்த அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. அதே வருஷம் ஆவணியில் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். ஆக, இங்கே பொரி எனக்கு சீனியர்.

நேற்று சாயங்காலம் என்னைக் கூண்டுக்கு முன்னால் நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தாள். கல்யாணமாகி வந்த இத்தனை மாதத்தில் என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை.

"தண்ணில குளிப்பாட்டிராதீங்க சித்தி, செத்துரும். அது மண்ணுலதான் குளிக்கும். அந்த டப்பால மணல் இருக்குது. பகல்ல தூங்கும், எழுப்பாதீங்க. மேல இருந்து கைய வெச்சுத் தூக்காதீங்க, கழுகு வந்துருச்சுன்னு நெனச்சுக்கும். வெங்காயம், பூண்டு, ஆரஞ்சு ஆகாது. கூண்டு கழுவறப்போ பழைய மரத்தூள்ல ஒரு கைப்பிடி மிச்சம் வெச்சுருங்க."

"எதுக்கு?"

"அதோட வாசம் இல்லீன்னா வேற யாரு வீடோன்னு பயந்துக்கும்."

கடைசியாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களே பண்ணுவீங்களா, இல்ல மாராத்தாக்காகிட்ட விட்டுருவீங்களா?"

மாராத்தா எங்கள் வீட்டு வேலைக்கு வருபவள். எலியைப் பார்த்தாலே துடைப்பத்தைத் தூக்குவாள்.

"நானே பண்றேன்."

"சரிங்க" என்றாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. நம்ப வேண்டும் என்று எனக்கும் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

கடித்துவிட்டது. மேலிருந்துதான் கையை விட்டேன், மறந்துபோய். ஆள்காட்டி விரலில் ரத்தம். டெட்டால் போட்டுக் கழுவினேன். தின்பது மட்டும் என் கையால்.

ஏப்ரல் 24, வியாழன்

கூண்டைக் கழுவினேன். கெட்ட நாற்றம் அடித்ததால் மரத்தூள் முழுவதையும் வாரிக் கொட்டிவிட்டு, தட்டைப் பினாயில் போட்டுத் தேய்த்துக் காயவைத்துப் புதுத் தூள் நிரப்பினேன். இரண்டு மணி நேர வேலை. உள்ளே விட்டதும் மூலைக்கு மூலை ஓடியது. கம்பியைக் கடித்தது. தும்மிற்று. அப்போதுதான் அந்தக் கைப்பிடி ஞாபகம் வந்தது. குப்பைக்காரர் வண்டி அதற்குள் போய்விட்டிருந்தது.

மறுபடி எல்லாவற்றையும் எடுத்து வெறும் வெந்நீரில் கழுவினேன். மற்றச் சாமான்களையெல்லாம் கழுவினாலும், அதன் மர வீட்டுக்குள் மட்டும் நான் கைவைக்கவில்லை. அதற்குள் அது சேர்த்து வைத்திருந்த பழைய விதைகளும் கொஞ்சம் தூளும் இருந்தன. அதை அப்படியே உள்ளே வைத்ததும் போய் நுழைந்துகொண்டது.

ஏழு மணிக்கு தரணிகா வீடியோவில் கூப்பிட்டாள். தினமும் அந்த நேரத்துக்குத்தான் பொரி விழிக்கும். போனைக் கூண்டின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும்.

"ஏன் வீல்ல ஓடாம உக்காந்திருக்குது?"

"இப்பத்தான் எந்திரிச்சுது கண்ணு."

பொய்தான். பினாயில் கதையைச் சொன்னால் அதை அவள் பெரியம்மாவிடம் சொல்வாள். பெரியம்மா ஊருக்கெல்லாம் சொல்வாள். எனக்கு எதற்கு.

ஏப்ரல் 30, புதன்

வெயில். கோவையில் இப்படி ஒரு வெயிலா என்று ஊரே பேசுகிறது. பொரி கால்களைப் பரப்பி வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்துக் கிடக்கிறது. இதற்கு வேர்க்காதாம். அதனால் ஃபேன் காற்றால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. குளியலறைக்குப் போட்டு மிஞ்சிய டைல்ஸ் துண்டைப் பிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து உள்ளே வைத்தேன். ஏறிப் படுத்துக்கொண்டது. மத்தியானத்தில் தரணிகா அறையில் ஏசி போடுகிறேன்.

இவர் சாப்பிட வந்தவர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். என் கணவர் குமரகுரு எதற்கும் கோபப்பட மாட்டார். சிரிப்பார். ஊரில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும்.

"எலிக்கு ஏசியா சுகந்தி? வெளிய சொல்லிராத, சிரிப்பாங்க."

"செத்துப்போனா புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

"செத்தா செத்துட்டுப் போகுது. எத்தன நாளைக்குத்தான் இருக்கும்?" சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார்.

ஏசியை நான் அணைக்கவில்லை. மத்தியானம் அந்த அறையிலேயே படுத்துக்கொள்கிறேன். எலிக்காகத்தான்.

மே 5, திங்கள்

என் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து வெள்ளரி விதை தின்றது. கன்னத்துக்குள் திணித்துக்கொண்டு முகம் இரண்டு மடங்கானது. சிரிப்பு வந்துவிட்டது. மாராத்தா வாசலிலிருந்து பார்த்துவிட்டு, "நீங்க சிரிச்சு இப்பத்தான் பாக்கறனுங்" என்றாள். அவளுக்கு வாய் நீளம்.

மே 9, வெள்ளி

தரணிகாவுக்கு யூனிபார்ம் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்தேன். ஏழாம் வகுப்புக்குப் பாவாடை போய் சுடிதார். அளவுக்குப் பழைய சட்டையைக் கொண்டுபோனேன். தோள் ஒரு விரல்கடை, உயரம் இரண்டு விரல்கடை கூட்டச் சொன்னேன். "உங்க பொண்ணுங்களா?" என்று கேட்டார். வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரிடம் என் கதையெல்லாம் எதற்கு.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே இவர் சொல்லிவிட்டார்: "இன்னொரு குழந்தையெல்லாம் வேண்டாங்க. தரணி இருக்கறா, போதும். அவளுக்கு வீட்டுல ஒரு ஆள் வேணும்." எனக்கு முப்பத்தெட்டு வயது. என் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சரி என்று தலையாட்டினேன். பதினாலு வருஷம் மருந்தாளுநராக நின்ற மருந்துக் கடையையும் விட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

மே 14, புதன்

மூன்று நாளாகப் பொரி சரியாகத் தின்னவில்லை. விதையைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுகிறது. இன்று வாயைப் பார்த்தால் கீழ்ப்பல் வளைந்து வளர்ந்து மேல் உதட்டை முட்டிக்கொண்டிருக்கிறது. தரணிகா கடிக்கக் கொடுக்கச் சொன்ன கொய்யாக் குச்சி தீர்ந்துபோனதை நான் கவனிக்கவில்லை.

முதலில் போன கிளினிக்கில் வரவேற்பில் இருந்தவன், "எலிக்குங்களா? எலிக்கு எங்ககிட்ட வைத்தியம் இல்லீங்க, பொறி வேணா கடையில கெடைக்கும்" என்று சொல்லிச் சிரித்தான். நாயோடு வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். ஆட்டோ பிடித்து வேறொரு இடத்துக்குப் போனேன். டாக்டர் பெனிட்டா என்று ஒரு சின்னப் பெண். சிரிக்கவில்லை. துணியில் சுற்றி என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரே நிமிஷத்தில் பல்லை நறுக்கினாள். என் கைக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"நல்லாத்தான் பாத்திருக்கீங்க. முடி கொட்டல, நகம் சரியா இருக்கு. ஆனா வயசாயிடுச்சு மேடம். இதுங்க ரெண்டு வருஷம், ரெண்டரை வருஷம்தான் இருக்கும்."

சாயங்காலம் தரணிகா கேட்டாள். "டாக்டரு என்ன சொன்னாங்க?"

"பல்லு வெட்டினாங்க. இனி தின்னுக்கும்."

"வேற?"

மறைத்தாலும் அவள் விடமாட்டாள். "வயசாயிருச்சுன்னாங்க."

போனை என் பக்கம் திருப்பச் சொன்னாள். முதல் முறை. முகத்தில் எண்ணெய் வழிய, முடியைக் கூட வாராமல் நின்றிருந்தேன்.

"எனக்குத் தெரியும். நான் வர்ற வரைக்கும் இருக்குமல்லங் சித்தி?"

"இருக்கும் கண்ணு."

"நீங்க பாத்துக்குவீங்களா?"

"பாத்துக்கறேன்."

இப்படி வாக்குக் கொடுக்கும் வயதா எனக்கு. ராகியை மாவாக்கிக் குழைத்து ஊட்டினேன். தின்றது.

மே 17, சனி

இன்று போனில் பொரியோடு ஐந்து நிமிஷம், என்னோடு அரை மணி நேரம். பெரியம்மா வீட்டில் எந்நேரமும் சீரியல் ஓடுகிறதாம். பெரியப்பா நல்லவராம், பேசவே மாட்டாராம். பருப்புச் சாதத்துக்கு நான் வறுக்கிற மாதிரி அங்கே உருளைக்கிழங்கு வறுக்கத் தெரியவில்லையாம். சும்மா சொல்லியிருப்பாள்.

மே 19, திங்கள்

கூப்பிடவில்லை. சனியன்று அவ்வளவு பேசியவள், ஞாயிறும் இல்லை, இன்றும் இல்லை. எங்காவது வெளியே போயிருப்பார்கள்.

மே 21, புதன்

கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. எனக்கென்ன. பொரி வீலில் நன்றாக ஓடுகிறது.

மே 22, வியாழன்

பாடப் புத்தகம் வாங்கப் பள்ளிக்கூடம் போனேன். தரணிகா பெயர் அங்கே இல்லை.

மே 23, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

பள்ளி அலுவலகத்தில் இருந்த பெண்மணி பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏனுங்க, டிசி வாங்கிட்டீங்களே. ஏப்ரல்லயே சார் வந்து எழுதிக் குடுத்தாருங்களே. சென்னைல சேக்கறதா. உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார். தெரியும், மறந்துவிட்டேன் என்றேன். யாராவது மறப்பார்களா? அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

இவர் சாயங்காலம் தோசை சாப்பிடும்போது கேட்டேன். தோசையைப் பிய்த்த கை நிற்கவில்லை.

"சொல்லலாம்னுதான் இருந்தன். நீயே தெரிஞ்சுக்கிட்ட. நல்லதாப் போச்சு."

"எதுக்குங்க அனுப்புனீங்க?"

"உனக்காகத்தான சுகந்தி."

"எனக்காகவா?"

"நீ கஷ்டப்படறது எனக்குத் தெரியாதா? புள்ள மூஞ்சி குடுத்தே பேசறதில்லைன்னு பொங்கலப்போ நீதான சொன்ன."

"சொன்னேன். அதுக்காகப் புள்ளைய அனுப்பச் சொன்னனா?"

"எல்லாத்தையும் வாயத் தொறந்துதான் சொல்லணுமா? பாத்தா தெரியாதா?" இன்னொரு தோசை கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை. அவரே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். "வசந்தாமணிகிட்டயும் சொல்லிட்டன். சுகந்திக்கு ஒத்து வரல, புள்ள உங்ககிட்டயே இருக்கட்டும்னு. அவங்களுக்கும் சந்தோசந்தான், தங்கச்சி மக."

"தரணிகிட்ட?"

"போன ஞாயித்துக்கெழம சொன்னன். சித்தியால முடியலயாம் கண்ணு, நீ அங்கயே படிச்சுக்கன்னு. அழுவல. ரொம்பத் தெளிவான புள்ள."

அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் உண்மை என்று நினைக்கிறேன். தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ பாக்கற பார்வை அவங்கம்மா பாக்கற மாதிரியே இருக்குது. சோறு எறங்க மாட்டீங்குது. வீட்டுக்கு வந்தா நிம்மதியா இருக்க வேண்டாமா மனுசன்?"

பிறகு வழக்கம்போலச் சிரித்தார். "அந்த எலியையும் எங்கயாச்சும் காட்டுல விட்டுரு. உனக்கும் வேல மிச்சம்."

மே 24, சனி

காலையிலிருந்து நாலு முறை கூப்பிட்டேன். கடைசியில் வசந்தாமணி அக்கா எடுத்தார்.

"புள்ள வேண்டாம்னு தள்ளிவிட்டுட்டு எதுக்கு சும்மா சும்மா போன் பண்ற? தாயில்லாத புள்ள அழுவறது பத்தாதா?"

"அக்கா, நான் அப்படிச் சொல்லவே இல்லீங்."

"அப்ப உன்ற வீட்டுக்காரரு பொய் சொல்றாரா?"

ஆமாம் என்று வாய்வரை வந்தது. அவர் அதற்குள் வைத்துவிட்டார்.

மே 26, திங்கள்

பொரிக்கு மணல் மாற்றினேன். கைப்பிடித் தூளை மிச்சம் வைத்துக் கூண்டைக் கழுவினேன். கொய்யாக் குச்சி வெட்டிக் காயவைத்தேன்.

மே 28, புதன்

வாட்ஸப்பில் தரணிகாவிடமிருந்து ஒரே வரி. "பொரியை காட்டுல விடாதீங்க. பூனை புடிச்சுரும்."

யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்கத் தேவையில்லை. அதையும் நான்தான் செய்யப்போகிறேன் என்று சொல்லியிருப்பார். "நானே கொண்டுவந்து தர்றேன்" என்று பதில் போட்டேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

காலை ரயிலில் பொரியைக் கொண்டுபோனேன். கூண்டைப் பிரித்துப் பையில் கட்டிக்கொண்டேன். பொரிக்குக் காற்றோட்டம் உள்ள பிளாஸ்டிக் கூடை. உள்ளே அதன் பழைய தூள், மர வீடு. தண்ணீர்க் குப்பி ஆட்டத்தில் ஒழுகும் என்பதால் வெள்ளரித் துண்டு. ஏசி பெட்டியில் இதையெல்லாம் கொண்டுபோக விடமாட்டார்கள். ஏசி இல்லாத பெட்டியில் இந்த வெயிலில் அது அரக்கோணம் தாண்டாது. ஏசி பெட்டியிலேயே ஏறி, கூடையை மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டேன். டிக்கெட் பரிசோதகர் வந்தபோது பொரி உள்ளே கறுக்கு கறுக்கென்று குச்சியைக் கடித்தது.

"என்னம்மா அதுல?"

"எலிங்க."

அவர் நான் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டு முகத்தைச் சுருக்கிவிட்டுப் போய்விட்டார்.

வசந்தாமணி அக்கா வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "பால்கனில வெச்சுட்டுப் போ" என்றார்.

"பால்கனில வெயில் அடிக்குதுங்க்கா. செத்துரும்."

"இங்க மனுசங்களுக்கே எடமில்ல."

அவர் கணவர் செய்தித்தாளை மடித்துவிட்டு எழுந்தார். "புள்ள படிக்கற மேசைக்கு அடியில வெக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கூண்டுப் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். அந்த வீட்டில் அவர் பேசி நான் கேட்டது அவ்வளவுதான்.

தரணிகா கதவோரம் நின்றிருந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். கூடையை வாங்கித் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் கிண்ணம்போல் குவித்துப் பொரியை எடுத்தாள். அது அவள் கையை முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டு, சட்டைக் கைக்குள் ஏறிற்று. அவள் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். காலைத் தூக்கி நகத்தைப் பார்த்தாள். வயிற்றை விரலால் தடவிப் பார்த்தாள். குறை இருந்தால் சொல்லியிருப்பாள்.

நான் கூண்டின் பாகங்களை மாட்டிப் பூட்டினேன். பெரியம்மா சமையலறைக்குள் போனதும் மெதுவாகச் சொன்னேன். "தரணி, உன்ன இங்க அனுப்பச் சொல்லி நான் கேக்கவே இல்ல கண்ணு. உனக்கு யூனிபார்ம்கூடத் தைக்கக் குடுத்திருக்கறேன். சத்தியமா எனக்குத் தெரியாது."

நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு அப்பா சொன்னாரு."

அப்புறம் ரயில் பிடித்துத் திரும்பி வந்தேன்.

ஜூன் 7, சனி

தையல்காரர் தானே வண்டியில் வந்து யூனிபார்மைக் கொடுத்துவிட்டுப் போனார். "பள்ளிக்கூடம் தொறந்தாச்சு, புள்ளைக்கு லேட்டாயிருச்சுங்க, மன்னிச்சுக்கங்க" என்றார். பரவாயில்லை என்றேன். தையல் சுத்தம். உயரம் சரியாக இருந்திருக்கும்.

ஜூன் 16, திங்கள்

தரணிகாவின் அறையில் இவர் தன் நூல் வியாபாரத்தின் கோன் பெட்டிகளை இறக்கிவிட்டார். சாம்பிள் வைக்க இடமில்லையாம். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்காமல் இன்று பழைய மருந்துக் கடைக்குப் போய் வேலை கேட்டேன். முதலாளி என்னைப் பார்த்ததும், "நாளைக்கே வந்துரும்மா" என்றார்.

இவரிடம் சொன்னேன். "எதுக்கு? வீட்டுல என்ன குற?" என்றார்.

"புள்ளையப் பாத்துக்கத்தான வேலைய விட்டேன். புள்ள எங்க?"

சிரிக்கவில்லை. கல்யாணமானதிலிருந்து அவர் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

ஜூலை 10, வியாழன்

தரணிகா கூப்பிட்டாள். வணக்கம், எப்படி இருக்கீங்க எதுவும் இல்லை.

"பொரி ஒரு பக்கமா சாஞ்சு நடக்குது. கண்ணு ஒண்ணு ஒட்டியிருக்குது. என்ன பண்றது?"

கடையில் கூட்டம். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடை. வீலை எடுத்துவிடு, ஏறி விழுந்துவிடும். தண்ணீர்க் குப்பியைக் கீழே இறக்கிக் கட்டு. ராகிக் கூழை ஊசி இல்லாத சிரிஞ்சில், வாயின் ஓரமாக, சொட்டுச் சொட்டாக. "அழுத்திராத. மூக்குல ஏறிரும்."

"சரி."

"டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?"

"பெரியம்மா வேண்டாம்னுட்டாங்க." வைத்துவிட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

கூப்பிட்டாள். சிரிஞ்சில் தின்றதாம்.

ஜூலை 19, சனி

தினமும் கூப்பிடுகிறாள். பொரியைத் தவிர வேறு பேச்சு இல்லை. புதுப் பள்ளி எப்படி என்று கேட்டால், "இருக்குது" என்கிறாள். எனக்கும் அதற்குமேல் கேட்க உரிமை இல்லை. ஏழு மணிக்குக் கடையில் என் கவுண்டரை வேறொரு பெண் பார்த்துக்கொள்கிறாள். பின்கட்டில் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடுமுறை நாள். கறிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும், போன் அடித்தது. எடுத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு மட்டும் கேட்டது.

"எந்திரிக்கல" என்றாள். "ரொம்ப நேரமாத் தொட்டுட்டே இருக்கறன். ஜில்லுன்னு இருக்குது."

"கைல வெச்சிருக்கறயா?"

"ம்."

"வெச்சுக்க. அவசரமில்ல."

அழுதாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் சீரியல் சத்தம். பெரியம்மாவின் குரல், "நாத்தம் வர்றதுக்குள்ள கவர்ல போட்டுக் குப்பைத் தொட்டில போடு தரணி."

"குப்பைல போட மாட்டன்" என்று என்னிடம் சொன்னாள்.

"போட வேண்டாம். பெரியப்பாகிட்ட போனக் குடு."

அவரிடம் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. "அண்ணா, கொஞ்சம் மண்ணு இருக்கற எடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டேன். "செரிம்மா" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். குடியிருப்புக்குப் பின்னால் ஒரு புங்க மரம். பெரியப்பா கரண்டியால் தோண்டினாராம். அவளுடைய கைக்குட்டையில் சுற்றி, மர வீட்டோடு வைத்தார்களாம்.

"அதோட தூளையும் போட்டீங்களா?"

"போட்டன்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"சித்தி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு கண்ணு."

"நீங்க என்னைய வேண்டாம்னு சொல்லலைன்னு சொன்னீங்க. அது நெசமா?"

எத்தனை நாள் இந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கடையில் மாத்திரை எண்ணும்போதும், பஸ்ஸில் வரும்போதும் இதற்குப் பதிலை விதவிதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நெசம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"நீங்க பொரிய நல்லாப் பாத்துக்கிட்டீங்க. அதான் யோசிச்சேன். நீங்க சொல்லலைன்னா... அப்ப அப்பாவேதான்..."

குரல் பாதியில் சுருங்கிப்போனது. பதினோரு வயது. அம்மா போயாயிற்று. சற்று முன்தான் பொரியையும் மண்ணில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். மிச்சம் இருப்பது ஒரு அப்பா. தட்டைப் பார்த்துக்கொண்டு அன்றைக்குப் பேசிய அந்த மனிதர்தான் அந்த அப்பா என்று நானா அவளுக்குச் சொல்வது?

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

"என்ன?"

"என்னால முடியலன்னு நான்தான் உங்கப்பாகிட்டச் சொன்னேன். அவருக்கு மனசே இல்ல. அன்னிக்கு உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. ரொம்ப நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சு.

"எனக்குத் தெரியும்" என்றாள். குரல் தெளிந்துவிட்டது. பழைய தரணிகா. "இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க."

"சரி கண்ணு."

"கண்ணுன்னும் கூப்பிடாதீங்க."

வைத்துவிட்டாள்.

இவர் வந்தார். கறிக்குழம்பு இன்னும் ஆகலையா என்றார். பொரி செத்துவிட்டது என்று சொன்னேன். "அட, நல்லதாப் போச்சு. இனி புள்ளைக்குப் படிப்புல கவனம் போகும்" என்றார். பிறகு, "ரொம்ப அழுதாளா?" என்று கேட்டார்.

"அழுதா. உங்களக் கேட்டா" என்றேன். "ஒரு தடவ போயிப் பாத்துட்டு வாங்க."

"பாக்கலாம், அடுத்த மாசம்" என்றார்.

அடுப்பைப் பற்ற வைத்தேன்.